கரும்புச் சக்கையில் நானோசெல்லுலோஸ்: அமிலக் கட்டத்தில் பழுப்பாகிறது, அடியில் படிகிறது. உதவி தேவை

கேள்வி

வணக்கம். கரும்புச் சக்கையிலிருந்து செல்லுலோஸ் நானோபடிகம், அதாவது நாரை அமிலத்தில் வெட்டிக் கிடைக்கும் மிக நுண்ணிய படிகத் துகள், எடுக்கப் பார்க்கிறேன். வெளுக்கும் கட்டம் வரை சிக்கல் இல்லை. அரைத்த சக்கையை 4% சோடியம் ஹைட்ராக்சைடில் 80 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து, அப்புறம் அமிலப்படுத்திய சோடியம் குளோரைட்டில் வெளுத்தேன். கூழ் நல்ல வெள்ளை.

கோளாறு அடுத்த கட்டத்தில். 64% கந்தக அமிலம் வேண்டுமே என்று, 36 மி.லி. நீரில் 98% அமிலம் 64 மி.லி. மெல்லச் சேர்த்து, ஆறவிட்டு, 5 கிராம் உலர்ந்த கூழைப் போட்டு 45 டிகிரியில் 45 நிமிடம் கலக்கினேன். கொஞ்ச நேரத்திலேயே நார் மொத்தமும் கரைந்து பாகு மாதிரி ஆனது, பிறகு பழுப்பேறியது. பத்து மடங்கு குளிர்ந்த நீரில் ஊற்றியதும் துணுக்குத் துணுக்காகத் திரண்டது. கழுவி, சோனிகேட்டரில் (ஒலியலையால் துகள்களைப் பிரிக்கும் கருவி) வைத்தாலும் அரை மணியில் அடியில் உட்கார்ந்துவிடுகிறது. நேரத்தைக் குறைக்கவா, வெப்பத்தைக் குறைக்கவா?

பதில் 1

லிக்னின் (நார்களை ஒட்டிவைக்கும் பொருள்) முழுவதும் போகவில்லையோ என்று சந்தேகம். செல்லுலோஸோடு சேர்ந்திருக்கும் ஹெமிசெல்லுலோஸ் மிச்சமிருந்தாலும் அதன் சர்க்கரைகள் அமிலத்தில் கருகிப் பழுப்பாகும். காரம் 4% தானா? 17.5% அளவுக்குப் போனால் இயற்கையான படிக வடிவமான செல்லுலோஸ் I, வேறு வடிவமான செல்லுலோஸ் II ஆக மாறிவிடும். படிக வடிவைக் காட்டும் எக்ஸ்ஆர்டி (எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுச் சோதனை) எடுத்தீர்களா?

கேட்டவர்

காரம் 4% தான். எக்ஸ்ஆர்டியில், வெளுத்த கூழுக்கு 22.5 டிகிரி கோணத்துக்குப் பக்கத்தில் பெரிய முகடு இருக்கிறது. அமிலத்துக்குப் பிறகு கிடைத்த துணுக்குகளில் அது மங்கி, 12, 20 பக்கம் முகடுகள் எழுகின்றன.

பதில் 2

அப்படியானால் காரத்தையும் லிக்னினையும் விட்டுவிடுங்கள். 22.5 முகடு செல்லுலோஸ் I உடையது, 12, 20 முகடுகள் II உடையவை. கூழில் செல்லுலோஸ் I ஆக இருந்தது, அமிலத்துக்குள் போய்த்தான் II ஆகியிருக்கிறது. அதாவது நார் வெட்டுப்படவில்லை, கரைந்தே போய், நீர் பட்டதும் வேறு படிக வடிவில் மீண்டும் திரண்டிருக்கிறது.

காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. 64% என்பது எடைக் கணக்கு. நீங்கள் பருமனில் அளந்திருக்கிறீர்கள். 98% அமிலத்தின் அடர்த்தி மி.லி.க்கு 1.84 கிராம். 64 மி.லி. என்றால் சுமார் 118 கிராம், அதில் தூய அமிலம் 115 கிராம். 36 கிராம் நீரோடு சேர்த்துப் பார்த்தால் 75% வருகிறது. லிக்னினை அளக்கும் கிளாசன் முறையில் செல்லுலோஸைக் கரைத்து விலக்கவே 72% அமிலம்தான் ஊற்றுகிறார்கள். அதையும் தாண்டிவிட்டீர்கள்! நேரத்தையோ வெப்பத்தையோ குறைத்து இதைச் சரிக்கட்ட முடியாது.

100 கிராம் கலவைக்கு 34.7 கிராம் நீர், 98% அமிலம் 65.3 கிராம், அதாவது சுமார் 35.5 மி.லி. கிட்டத்தட்ட சம பருமன்தான். எப்போதும் நீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், பனிக்கட்டித் தொட்டியில் வைத்து. உள்ளே 45 டிகிரிக்கு இறங்கிவிட்டதா என்று வெப்பமானியில் பார்த்த பிறகே கூழைப் போடுங்கள். பாத்திரத்தின் வெளிப்புறம் தொட்டுப் பார்ப்பது போதாது.

இன்னொன்று, குளோரைட்டை அமிலப்படுத்தும்போது குளோரின் டை ஆக்சைடு வரும். ஃபியூம் ஹுட் (வாயுவை வெளியே இழுக்கும் ஆய்வகக் கூண்டு) இல்லாமல் அதைச் செய்யவே கூடாது.

கேட்டவர்

எடையில் அளந்து மறுபடி செய்தேன். நிறம் இப்போது வெளிர் மஞ்சள், பாகாகவும் ஆகவில்லை. முதல் இரண்டு சுற்று மையவிலக்கில் மேலே தெளிந்த நீர் வந்தது, வடித்துக் கொட்டினேன். இப்போது மேல்நீர் கலங்கலாக நிற்கிறது, எவ்வளவு சுற்றினாலும் தெளியவில்லை. வேகத்தைக் கூட்டவா?

பதில் 2

கூட்ட வேண்டாம், அதைக் கொட்டவும் வேண்டாம். அந்தக் கலங்கல்தான் உங்கள் நானோபடிகம். கந்தக அமிலம் படிகத்தின் மேற்பரப்பில் சல்பேட் தொகுதிகளை ஒட்டுகிறது. அவற்றின் எதிர்மின்சுமையால் துகள்கள் ஒன்றையொன்று தள்ளும். அமிலம் நிறைய இருக்கும்வரை அயனிகள் அந்தத் தள்ளலை மறைத்துவிடுவதால் எல்லாம் அடியில் இறங்கும். அமிலம் குறைந்ததும் மிதக்க ஆரம்பிக்கும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் செய்தால் இந்த மின்சுமை கிடைக்காது, அதனால் துகள்கள் எளிதில் திரண்டு படியும்.

அடியில் இருப்பதோடு சேர்த்து டயாலிசிஸ் பையில் (அமிலத்தை மட்டும் வெளியே விடும் நுண்துளைப் பை) போட்டு, வெளிநீர் நடுநிலையாகும்வரை நீரை மாற்றுங்கள். பிறகு பனிக்கட்டியில் வைத்து சோனிகேட். சரியாக வந்ததா என்று பார்க்க, குறுக்காக வைத்த இரண்டு போலரைசர் (ஒளியை ஒரே தளத்தில் மட்டும் விடும்) தாள்களுக்கு நடுவே குப்பியைப் பிடித்துக் குலுக்குங்கள். ஒளிக்கீற்றுகள் சுழன்றால் படிகங்கள் இருக்கின்றன.

பதில் 3

உலர்த்தப் போகிறீர்களானால் ஒரு வார்த்தை. காரத்தால் நடுநிலையாக்காமல் அமில வடிவிலேயே 105 டிகிரி அடுப்பில் வைக்காதீர்கள். சல்பேட் தொகுதிகளின் அமிலமே செல்லுலோஸைச் சிதைக்கும், பழுப்பு திரும்ப வரும். உலர்த்திய தூளை நீரில் போட்டாலும் பிரியாது. நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடு துளித்துளியாக விட்டு பிஎச் 7க்குக் கொண்டுவந்து, சோடியம் வடிவில் உறைநிலை உலர்த்தல் செய்தால் மறுபடி நீரில் நன்றாகக் கலையும். உடனே தேவையில்லை என்றால் ஈரமாகவே குளிர்பெட்டியில் வைத்துவிடுவது நல்லது. நான் அப்படித்தான் வைக்கிறேன்.