வீட்டுக்குள் மிதிப்பதா, சாலையில் ஓட்டுவதா?

தேன்மொழி:
எனக்கு 48 வயது. படி ஏறினால் முழங்கால் வலிக்கிறது. டாக்டர் சைக்கிள் மிதிக்கச் சொன்னார். எந்த சைக்கிள் என்று நான் கேட்காமல் வந்துவிட்டேன். வீட்டில் வைத்து மிதிக்கும் உடற்பயிற்சி சைக்கிளா, ரோடு சைக்கிளா? இரண்டும் ஓட்டியவர்கள் சொல்லுங்கள்.

காலைக்காற்று:
ரோடு சைக்கிள்தான், சகோதரி. வீட்டு சைக்கிளில் கால் மட்டும்தான் உழைக்கும். சாலையில் வளைவுக்கு உடம்பைச் சாய்க்கிறோம், பள்ளம் வந்தால் சீட்டை விட்டு எழுகிறோம், இடுப்பும் முதுகும் சும்மா இருப்பதில்லை. அப்புறம் காற்று. வேகம் இரண்டு மடங்கானால் காற்றைக் கிழிக்க எட்டு மடங்கு சக்தி வேண்டும். அந்த உழைப்பு வேறு ரகம்.

வீட்டுச்சக்கரம்:
காலைக்காற்று, முழங்கால் வலிக்கிறது என்பவரிடம் போய் எட்டு மடங்கு என்கிறீர்களே! ஏற்றம் நம்மைக் கேட்டுக்கொண்டா வருகிறது? வீட்டில் திருகைத் தளர்த்தினால் சுமை குறையும், வலித்தால் அந்த நொடியே இறங்கலாம். போன வருடம் எனக்குப் பாதி வழியில் இடது முழங்கால் பிடித்துக்கொண்டது. மீதி 9 கிலோமீட்டரையும் வலது காலை நம்பியே மிதித்து வீடு சேர்ந்தேன். அதற்குப் பிறகு ஒரு மாதம் சைக்கிளைத் தொடவில்லை.

வீட்டு மிதியைக் குறைவாகவும் நினைக்காதீர்கள். ஆஸ்திரேலிய வீரர் மேத்யூ ஹேமன் 2016 பிப்ரவரியில் பந்தயத்தில் விழுந்து கையை முறித்துக்கொண்டார். வாரக்கணக்கில் வீட்டுக்குள்ளேயே மிதித்தார். ஏப்ரலில் பாரிஸ்–ரூபே பந்தயத்தில் 250 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி முதலில் வந்தார்.

காலைக்காற்று:
அவர் மிதித்தது உடற்பயிற்சி சைக்கிள் இல்லை, ட்ரெய்னரில், அதாவது சைக்கிளை நின்ற இடத்திலேயே மிதிக்க வைக்கும் தாங்கியில், மாட்டிய பந்தய சைக்கிள். அதோடு அது அவருடைய 15வது பாரிஸ்–ரூபே. கல் பாவிய அந்தச் சாலையில் விழாமல் ஓட்டுகிற கை, முந்தைய 14 முறையில் பழகியது.

இன்னொன்று, சூடு. பெடலுக்கு 150 வாட் கொடுக்கும் உடம்பு 450 வாட்டுக்குக் குறையாமல் வெப்பத்தையும் வெளியே தள்ளுகிறது. சாலையில் காற்று வியர்வையைக் காய வைத்துவிடும். அறைக்குள் அது சொட்டிக்கொண்டே இருக்கும், இதயத் துடிப்பும் ஏறிக்கொண்டே போகும்.

வீட்டுச்சக்கரம்:
சூட்டைப் பற்றிச் சொன்னது சரி, ஒப்புக்கொள்கிறேன். மின்விசிறியை முகத்துக்கு நேராக வைக்காமல் நான் ஏறுவதே இல்லை. திரையில் ஓடும் கலோரிக் கணக்கையும் நான் நம்புவதில்லை. பல சைக்கிள்கள் நம் எடையைக்கூடக் கேட்பதில்லை.

செம்பருத்தி:
நான் இயன்முறை சிகிச்சை பார்ப்பவள். இருவரும் சீட் உயரத்தை விட்டுவிட்டீர்கள். எந்த சைக்கிளானாலும் முழங்காலைக் காப்பதும் கெடுப்பதும் பெரும்பாலும் அதுதான். தேன்மொழி, சீட்டில் உட்கார்ந்து குதிகாலை பெடலில் வையுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். அப்படி வைத்துவிட்டு முன்பாதத்தால் மிதித்தால் முழங்கால் லேசாக மடங்கும், அதுதான் சரி. சீட் தாழ்ந்திருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் முழங்கால் அதிகமாக மடங்கி, முட்டிச்சில்லின் மேல் அழுத்தம் கூடும்.

ஸ்பின் பைக் (பந்தய சைக்கிள் போலக் குனிந்து மிதிக்கும் உடற்பயிற்சி சைக்கிள்) என்றால் கூடுதல் கவனம் வேண்டும். அதில் பெரும்பாலானவற்றில் கனமான சக்கரம் பெடலோடு சேர்ந்தே சுற்றும். நீங்கள் சட்டென்று நிறுத்தினாலும் அது காலை இழுத்துக்கொண்டு போகும். மெதுவாகக் குறைத்து நிறுத்துங்கள்.

தேன்மொழி:
பக்கத்து வீட்டில் ஒரு உடற்பயிற்சி சைக்கிள் இருக்கிறது, இப்போதுதான் போய்ப் பார்த்தேன். குதிகாலை வைத்தால் முழங்கால் நன்றாகவே மடங்கி நிற்கிறது. சீட்டை இரண்டு துளை ஏற்றிய பிறகுதான் கால் நீண்டது. சுமையே இல்லாமல் பத்து நிமிடம் மிதித்தேன், வலி இல்லை. இப்போதைக்கு இதிலேயே தொடர்கிறேன்.

காலைக்காற்று:
நல்லது. அரைமணி நேரம் வலியில்லாமல் மிதிக்க முடிகிற அன்று இங்கே வந்து எழுதுங்கள். சமதளச் சாலையில் எப்படித் தொடங்குவது என்று சொல்கிறேன். உங்களைச் சுவரைப் பார்த்தே மிதிக்க விட்டுவிட எனக்கு மனமில்லை.