பெரிய வீடு குரூப்: கயலுக்குச் சட்டக் கல்லூரியா?

கயல்: சட்டப் படிப்புக்கு விண்ணப்பிக்க சனிக்கிழமை கடைசி நாள். ஓடிபி அப்பா போனுக்குத்தான் வரும். அப்பா பதிலே சொல்லவில்லை, அதனால் இங்கே கேட்கிறேன்.

பெரியப்பா: கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று பேசி முடித்தாயிற்றே?

சித்தி: ஞாயிறு காதுகுத்துக்கு வேன் எத்தனை மணிக்கு?

செந்தில் அண்ணன்: எந்தக் காலேஜ்?

கயல்: மதுரை அரசு சட்டக் கல்லூரி. பிளஸ் டூ மார்க்தான், நுழைவுத் தேர்வு இல்லை.

சிரஸ்தார் மாமா: எல்லோரும் நிதானமாகப் படியுங்கள். பி.ஏ., எல்எல்.பி. ஐந்து வருடம். முடித்ததும் வக்கீலாகப் பார் கவுன்சிலில் பதிய வேண்டும். பதிவுக் கட்டணம் முன்பு ஆயிரக்கணக்கில் இருந்தது. 2024-இல் உச்ச நீதிமன்றம் பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. அப்புறம் அகில இந்திய பார் தேர்வு. சீனியர் வக்கீலிடம் ஜூனியராகச் சேர்ந்தால் மதுரையில் அவர் மாதம் 20,000 ரூபாய் கொடுக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னதும் அதே வருடம்தான். கைக்கு வருவது சீனியரைப் பொறுத்தது. சிவில் நீதிபதி தேர்வு எழுதுவதென்றாலும் இப்போது மூன்று வருடம் பிராக்டீஸ் வேண்டும், 2025 மே மாதத் தீர்ப்பு.

செந்தில் அண்ணன்: 👍

பெரியப்பா: எட்டு வருடம்! அதுவரை கல்யாணம்?

சித்தி: வேன்??

பெரியப்பா: வாய்தா வாங்கவா இவ்வளவு படிப்பு? அப்படி என்ன ஆசை?

கயல்: சொல்கிறேன் பெரியப்பா. ஜெயா அத்தைக்குக் கல்யாணம் 1988 ஆவணியில். பெண்ணுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு என்ற தமிழ்நாட்டுச் சட்டம் 1989 மார்ச் 25 முதல். அதற்கு முன்னால் கல்யாணமானவர்களுக்குக் கிடையாது. ஏழு மாதம்தான் வித்தியாசம். 2003-இல் தாத்தா பாகப்பிரிவினை பதிந்தபோது அதைச் சொல்லித்தான் அத்தைக்கு இல்லை என்றார்கள். 2005-இல் மத்திய சட்டம் கல்யாணமானவர்களுக்கும் உண்டு என்றது. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிந்த பாகப்பிரிவினையைத் தொட முடியாது. பத்தாவது படிக்கும்போது அத்தை இதை என்னிடம் கேட்டார். எனக்கு விளக்கத் தெரியவில்லை. அன்றைக்கு முடிவு செய்தேன்.

பெரியப்பா: இதையெல்லாம் குரூப்பில் போடுவதா? எங்கள் அப்பா இருக்கும்போதே எல்லோரும் சம்மதித்துச் செய்தது.

கயல்: பங்கு கேட்கவில்லை பெரியப்பா. ஏன் படிக்கிறாய் என்று கேட்டீர்கள்.

ஜெயா அத்தை: அண்ணே, பிள்ளையைத் திட்டாதீர்கள். எனக்கு நிலம் வேண்டாம். அன்றைக்கு யாராவது பக்கத்தில் உட்கார்ந்து புரியும்படி சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான்.

செந்தில் அண்ணன்: கிணற்று மோட்டார் பில்லும் இன்னும் பாக்கி.

பெரியப்பா: அது வேறு கதை செந்தில்.

சிரஸ்தார் மாமா: கயல், சாதிச் சான்றிதழ் தயாரா? இல்லையென்றால் நாளைக் காலையிலேயே இ-சேவைக்குப் போ.

கயல்: இருக்கிறது மாமா.

அப்பா: ஃபாரம் நிரப்பி வை. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் இருப்போம், பேசலாம்.

கயல்: சனிக்கிழமை கடைசி நாள் அப்பா.

ஜெயா அத்தை: தம்பி, போனை அவள் கையில் கொடு.

சித்தி: வேன் ஆறரைக்கா, ஏழுக்கா?