குழந்தை, பதின்ம வயது மனநல விரிவுரைகள்: கருத்துப் படிவத்தில் என்ன கேட்பது?

தாமரை_எஸ்ஜி:
மனநலப் பயிற்சி மருத்துவர்கள் 7 பேர். குழந்தை, பதின்ம வயது மனநலத்தில் 8 விரிவுரைகள், தலா 60 நிமிடம். ஒவ்வொன்றும் முடிந்ததும் 10 கேள்விகள், 1 முதல் 5 வரை மதிப்பெண். எல்லாரும் 4 அல்லது 5 போடுகிறார்கள். எழுதும் இடத்தில் "நன்று" என்று மட்டும் வருகிறது. அடுத்த சுற்றில் எதை மாற்றுவது என்று தெரியவில்லை. படிவம் சரியில்லையா, கேட்கும் முறையா?

வெண்பலகை:
இரண்டும்தான். முதலில் சராசரியை நம்பாதீர்கள். 7 பேரில் ஒருவர் 5க்குப் பதில் 3 போட்டாலே அது கிட்டத்தட்ட 0.3 இறங்கிவிடும். "தெளிவாகவும் பயனுள்ளதாகவும் இருந்ததா" போன்ற கேள்விகளையும் நீக்குங்கள். தெளிவாக இருந்தும் பயன்படாத விரிவுரை உண்டு. அதற்கு எந்த எண்ணைப் போடுவது?

மூன்று கேள்விகள் போதும். எந்த ஸ்லைடில் பிடி விட்டுப்போனது? எதைக் குறைத்திருக்கலாம்? அடுத்த கிளினிக்கில் எதை வேறு மாதிரி செய்வீர்கள்? கடைசிக் கேள்விதான் உயிர். ஏடிஎச்டி (கவனக்குறைவு, மிகைச் செயல்பாட்டுக் குறைபாடு) விரிவுரையை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறிதல் கையேடான டிஎஸ்எம்-5 படி சில அறிகுறிகளாவது 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும், இரண்டு சூழல்களிலாவது தெரிய வேண்டும். "பெற்றோர் சொல்வதோடு நிறுத்தாமல் வகுப்பாசிரியரிடமும் மாணவர் பராமரிப்பு நிலையத்திலும் விசாரிப்பேன்" என்று ஒருவர் எழுதினால் பாடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. "ஏடிஎச்டி பற்றி அறிந்தேன்" என்றால் சேரவில்லை.

நடுவரிசை:
பயத்தையும் கணக்கில் எடுங்கள். விரிவுரையாளரே பிறகு அவர்களுக்கு மதிப்பீடு எழுதுபவராக இருந்தால் யார் குறை சொல்வார்கள்? படிவத்தை அவர் கையில் கொடுக்காதீர்கள், ஒருங்கிணைப்பாளர் வாங்கட்டும். 7 பேரில் "எந்த ஆண்டுப் பயிற்சி" என்று கேட்டாலே ஆள் தெரிந்துவிடும். சிங்பாஸ் (சிங்கப்பூர் மின்னிலக்க அடையாளம்) உள்நுழைவு வேண்டாம், கையெழுத்துத் தாளும் வேண்டாம். இரண்டு மூன்று விரிவுரைகளின் கருத்துகளைச் சேர்த்து, எழுதிய நடையை மாற்றிக் கொடுங்கள்.

நேரமும் முக்கியம். மறுநாள் மின்னஞ்சலில் அனுப்பினால் பாதிப் பேர் மறந்துவிடுவார்கள். 55ஆம் நிமிடத்தில் கியூஆர் குறியீட்டைத் திரையில் போட்டு, அங்கேயே எழுத வையுங்கள்.

தாமரை_எஸ்ஜி:
ஒருவர் "வேகம் அதிகம்", இன்னொருவர் "மெதுவாக இருக்கிறது" என்று எழுதினால்?

பகல்கிளினிக்:
நடுவில் பிடிக்க முயலாதீர்கள், இருவருக்கும் பயன்படாது. முதலாண்டு மருத்துவர்களுக்கு நோயறிதல் அளவுகோல்களை இரண்டு பக்கமாக முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். படித்தே தெரிந்துகொள்ளக்கூடியதை வாசித்துக் காட்டி 60 நிமிடத்தை நிரப்புவதுதான் இத்தகைய விரிவுரைகளின் பெரிய குறை. மிச்சமாகும் நேரத்தில், தாயார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது பதின்ம வயதுப் பிள்ளையைத் தனியாகப் பார்க்க எப்படிக் கேட்பது, எதை ரகசியமாக வைக்கலாம், உயிருக்கு ஆபத்து என்றால் எதை வைக்க முடியாது என்பதைச் சொல்லிக்கொடுக்கலாம்.

இன்னொன்று, பிடித்திருந்தது என்பதும் கற்றுக்கொண்டது என்பதும் வேறு. ஆறு வாரம் கழித்து இரண்டு கேள்விகள் அனுப்புங்கள். உதாரணமாக, 14 வயது, உயர்நிலை 2 மாணவிக்கு மனச்சோர்வு, ஃபுளுவாக்ஸெடின் என்ற மனச்சோர்வு மருந்து தொடங்கியாயிற்று. முதல் வாரங்களில் எதைக் கவனிப்பீர்கள்? அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ 2004இல் எச்சரித்த தற்கொலை எண்ணமும், கூடவே பதற்றமும் தூக்கமின்மையும் பதிலில் வர வேண்டும். பலர் விட்டிருந்தால் அந்த ஸ்லைடைத் திருத்துங்கள்.

அடுத்த விரிவுரையின் முதல் இரண்டு நிமிடத்தில், சென்ற முறை சொன்னவற்றில் எது மாறியது, எது மாறவில்லை, ஏன் என்று சொல்லிவிடுங்கள். அதைக் கேட்ட பிறகுதான் "நன்று" என்பதைத் தாண்டி எழுதுவார்கள்.