எழுத்து எல்லாம் தெரியும், ஆனால் 'பட்டம்' என்பதைப் 'படம்' என்று வாசிக்கிறாள்

கோத்தகிரி_அம்மா:
மகள் இரண்டாம் வகுப்பு. எழுத்து அட்டவணையில் எதைத் தொட்டாலும் டக்கென்று சொல்லிவிடுவாள், ஆனால் வார்த்தையாக வந்தால் பட்டம் படமாகிவிடுகிறது, பச்சை பசையாகிவிடுகிறது. நோட்டைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு வாயால் ஒலி விளையாட்டு விளையாடுங்கள் என்கிறார் வகுப்பு டீச்சர். பத்துப் பத்து தடவை எழுத வை, தானாக வரும் என்கிறார் என் மாமியார். வாசிப்பது கண் வேலைதானே, காதுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? வீட்டில் நாங்கள் படுகு மொழிதான் பேசுகிறோம், அதனால் குழம்புகிறாளோ என்று வேறு பயமாக இருக்கிறது.

கூடலூர்_டீச்சர்:
சம்பந்தம் நிறையவே இருக்கிறது அக்கா. நம்ம ஊர்ப்பெயர் 'கட்டபெட்டு' என்று சொல்லிக் கைதட்டச் சொல்லிப் பாருங்கள், கட்-ட-பெட்-டு என்று நாலு தட்டு வரும். எழுதினால் ஆறு எழுத்து. அந்த இரண்டு 'ட்'டுக்கும் தனித் தட்டு கிடையாது, முன்னால் இருக்கும் எழுத்தோடு ஒட்டிக்கொண்டு போய்விடுகிறது. உங்கள் பெண் விடுவதும் சரியாக அந்த மெய்யைத்தான். அசையை, அதாவது ஒரு தட்டுக்கு வரும் துண்டைப் பிரித்துக் கேட்பது சின்னப் பிள்ளைகளுக்குச் சுலபம், அதற்குள் இருக்கும் தனி ஒலியைப் பிரிப்பதுதான் கஷ்டம். 1974இல் இசபெல் லிபர்மன் குழுவினர் அமெரிக்கப் பிள்ளைகளைத் தட்டச் சொல்லிப் பார்த்தார்கள்: 4 வயதில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அசை வந்தது, தனி ஒலி ஒருவருக்கும் வரவில்லை. முதல் வகுப்பு முடிவதற்குள் 70 சதவீதம் பேருக்குத் தனி ஒலியும் வந்துவிட்டது. அதனால் பயப்படாதீர்கள். பத்து தடவை எழுத வைத்தால் கைதான் வலிக்கும், விட்டுப்போன ஒலி காதில் விழாது.

குன்னூர்_பேச்சுப்பயிற்சி:
டீச்சர் சொல்வது சரி, ஆனால் எழுத்தை முழுக்க ஓரம் கட்ட வேண்டாம். 1983இல் பிராட்லியும் பிரையன்ட்டும் இங்கிலாந்தில் செய்த ஆய்வில், ஒலி விளையாட்டோடு பிளாஸ்டிக் எழுத்துகளையும் கையில் கொடுத்த பிள்ளைகள்தான் வாசிப்பில் நன்றாக முன்னேறினார்கள். இது இரண்டு பக்கமும் போகிற வழி. எழுதப் படிக்கத் தெரியாத போர்ச்சுகல் பெரியவர்களிடம் ஒரு சொல்லின் முதல் ஒலியை எடுத்துவிட்டுச் சொல்லுங்கள் என்று 1979இல் கேட்டபோது பெரும்பாலும் அவர்களால் முடியவில்லை, வயது வந்தபின் படிக்கக் கற்றவர்களால் முடிந்தது. அதாவது எழுத்தும் காதைத் திறக்கிறது. அதனால் ப, ட, ம் மூன்றையும் அட்டையில் எழுதித் தரையில் வையுங்கள். 'படம்' என்று படிக்கட்டும். அப்புறம் நீங்கள் 'பட்டம்' என்று சொல்லி, எங்கே என்ன சேர்க்கணும் என்று கேளுங்கள். 'ட்' அட்டையை அவளே எடுத்து நடுவில் வைக்கணும், நீங்கள் கை வைக்கக் கூடாது. பாடு-பாட்டு, பசை-பச்சை என்று இப்படியே போகலாம். இன்னொன்று, இந்தக் குளிரில் அடிக்கடி சளி பிடித்துக் காது அடைக்கிற பிள்ளை என்றால் ஒரு தடவை காதைப் பரிசோதித்துவிடுங்கள், இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

கோத்தகிரி_அம்மா:
ரொம்ப நன்றி. சளி அடிக்கடி வரும், இந்த வாரமே காட்டுகிறேன். படுகு பற்றி யாரும் சொல்லவில்லையே?

அரவேணு_அப்பா:
அக்கா, நாங்களும் வீட்டில் படுகுதான், பையன் இப்போது ஐந்தாவது, தமிழ் சரளமாக வாசிக்கிறான். உங்கள் பெண் படுகில் ஊரை 'ஹட்டி' என்று அழுத்திச் சொல்கிறாள் அல்லவா, அந்த 'ட்' அவள் வாயிலும் காதிலும் ஏற்கெனவே இருக்கிறது. வீட்டுப் பேச்சை மாற்றாதீர்கள். விளையாட்டையும் படுகிலேயே ஆரம்பியுங்கள், நம்ம தெய்வம் 'ஹெத்தை' பெயரில் நடுவில் என்ன கேட்கிறது என்று கேளுங்கள், அவளே 'த்' என்பாள். நாங்கள் பள்ளிக்குப் போகிற பஸ்ஸில் ஊர்ப்பெயர்ப் பலகைகளை வைத்தே இதைச் செய்தோம், நோட்டுக்கு வேலையே இல்லை.