துணி போர்த்திய இறக்கையில் பூச்சு வெளுத்துவிட்டது

கேள்வி (ஆயர் ஈத்தாம், பினாங்கு): வணக்கம். பாகங்களாக வாங்கி வீட்டில் கோத்துவரும், இருவர் அமரும் விமானத்தின் வலப்பக்க இறக்கையில் பாலியெஸ்டர் துணியை ஒட்டி, இஸ்திரிப்பெட்டியால் இறுக்கிவிட்டேன். ஆனால் நேற்று மழை விட்டதும் அடித்த முதல் பூச்சு, காய்ந்தபின் பால் தெளித்தாற்போல் வெளுத்துக் கிடக்கிறது. துணியையே உரிக்க வேண்டுமா?

பதில் (சுபாங் ஜெயா): வேண்டாம், தம்பி. கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் படிவதால் வரும் வெளுப்பு இது. ஈரம் குறைந்த நாளில், மெதுவாக ஆவியாகும் கரைப்பானை மெல்லியதாகத் தெளித்தால், பூச்சு இளகித் தெளிந்துவிடும். எனக்கும் ஒரு சுக்கானில் இப்படி நேர்ந்து, இரவெல்லாம் தூக்கமில்லாமல் தவித்தேன்.

பதில் (பட்டர்வொர்த்): இஸ்திரிப்பெட்டியின் சூட்டைத் தெர்மோமீட்டர் வைத்து அளந்தீர்களா, அண்ணா? குமிழிலுள்ள எண்ணை நம்பாதீர்கள். பரவலான முறையில் இறுதி இறுக்கத்திற்கு 350 டிகிரி பாரன்ஹீட், அதாவது ஏறத்தாழ 177 செல்சியஸ். அதைத் தாண்டினால் துணி தளர்ந்துவிடும், பிறகு இறுகாது.

கேள்வி கேட்டவர்: அளந்தேன், தம்பி, 121 செல்சியஸில் தொடங்கிப் படிப்படியாகத்தான் ஏற்றினேன். ஐயா சொன்னபடி ஓரத்தில் ஒரு சாண் அளவு தெளித்துப் பார்த்தேன். வெளுப்பு கண்முன்னே மறைந்தது.

பதில் (சுபாங் ஜெயா): மகிழ்ச்சி. அடுத்து வரும் அலுமினியத்தூள் பூச்சில் மட்டும் சிக்கனம் வேண்டாம். வெயிலின் புறஊதாக் கதிர் துணியை அரிக்காமல் காப்பது அதுதான்.