மேலே வராத கிளட்ச் பெடல், பிடிக்காத குரூஸ்: பழைய பிக்கப் அனுபவங்கள்

நாகலூர், ஏற்காடு

எங்களுடையது இரட்டைக் கேபின் டீசல் பிக்கப். பத்து வயது தாண்டிவிட்டது. வார நாட்களில் காப்பி மூட்டையும் மிளகும் சேலத்துக்கு இறக்கும், ஞாயிறானால் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கோயமுத்தூர் போகும். போன அறுவடைக் காலத்தில் இரண்டு வேலையிலும் ஒரே சமயத்தில் தொல்லை கொடுத்தது. மலை ஏறும்போது கிளட்ச் ஸ்லிப் ஆனது, அதாவது என்ஜின் சுற்றியும் இழுவை சக்கரத்துக்குப் போகவில்லை. நாற்கரச் சாலையில், ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமலே வேகத்தை ஒரே அளவில் வைத்திருக்கும் குரூஸ் கண்ட்ரோல் பிடிக்க மறுத்தது. பொத்தானை அழுத்தினால் டேஷ்போர்டில் விளக்கு எரியும், வேகம் மட்டும் ஒரே அளவில் நிற்காது.

நகரில் ஒரு பட்டறையில் காட்டினேன். கிளட்ச் செட் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்றார்கள். குரூஸுக்கு வேறு ஆளைப் பாருங்கள், கம்ப்யூட்டர் போயிருக்கலாம் என்றும் சொன்னார்கள். எனக்கு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை இருபது கொண்டை ஊசி வளைவுகள். முதல் சில வளைவுகளை வண்டி ஒழுங்காக ஏறும். பாதி மலை வந்ததும் என்ஜின் கூச்சல் போடும், வண்டி நகராது, கருகல் வாடை வரும். ஓரங்கட்டி ஆறவிட்டால் மறுபடி ஒன்றும் நடக்காததுபோல் ஏறும். தேய்ந்த கிளட்ச் பிளேட் காலையில் நல்ல பிள்ளையாகவும் மதியம் போக்கிரியாகவும் இருக்குமா?

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு மூத்த மெக்கானிக், வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகிவிட்டு, “கிளட்ச்சிலிருந்து காலை எடு தம்பி” என்றார்.

“எடுத்தாயிற்று அண்ணா.”

“அப்புறம் ஏன் மிதித்திருப்பதாகவே காட்டுகிறது?”

குனிந்து பெடலைக் கையால் மேலே தூக்கினார். திரையில் இருந்த சொல் மாறியது. விட்டார், பெடல் விரலளவு கீழே இறங்கியது, பழைய சொல்லே திரும்ப வந்தது. கிளட்ச்சை மிதித்தால் குரூஸ் விடுபட வேண்டும் என்பதற்காகப் பெடலின் தலைப்பில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. பெடல் முழுதாக மேலே வராததால், நான் மிதித்துக்கொண்டே ஓட்டுகிறேன் என்று வண்டி நம்பியிருக்கிறது. குரூஸ் எப்படிப் பிடிக்கும்?

பெடல் ஏன் வரவில்லை என்பதுதான் அடுத்த கேள்வி. கிளட்ச் ஆயில் கப்பின் மூடியைத் திறந்தார். உள்ளே சிவப்பாக இருந்தது. மூடியின் மேலேயே டாட் 3 என்று பிரேக், கிளட்ச் ஆயிலின் வகை எழுதியிருக்க, யாரோ பவர் ஸ்டியரிங் ஆயிலை ஊற்றியிருக்கிறார்கள். அந்த எண்ணெய் பட்டால் பிரேக், கிளட்ச் சிலிண்டர்களில் இருக்கும் ரப்பர் சீல்கள் உப்பிவிடுமாம். உப்பிய சீல், பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனை முழுதாகத் திரும்ப விடாது. ஆயில் கப்புக்குத் திரும்பிப் போகும் சிறு துளையையும் அடைத்துக்கொள்ளும். மலை ஏறும்போது சூட்டில் ஆயில் விரிகிறது, போக வழியில்லை, அழுத்தம் ஏறி கிளட்ச்சைப் பாதி விலக்கியே வைத்திருக்கிறது. அதுதான் அந்த ஸ்லிப். இதை வாயால் மட்டும் சொல்லவில்லை. வண்டியைச் சூடேற்றி, ஸ்லிப் ஆகும் நேரத்தில், கியர்பாக்ஸ் பக்கத்தில் கிளட்ச்சை விலக்கும் ஸ்லேவ் சிலிண்டரில் காற்று எடுக்கும் நிப்பிளைத் தளர்த்தினார். பீச்சியடித்தது. உடனே கிளட்ச் கெட்டியாகப் பிடித்தது.

இரண்டு சிலிண்டர்களுக்கும் புதிய சீல், இடையிலுள்ள ரப்பர் ஹோஸ், லைன் முழுவதையும் கழுவிப் புது ஆயில். கியர்பாக்ஸை யாரும் தொடவில்லை. குரூஸுக்கென்று ஒரு ரூபாய் செலவாகவில்லை.

கொண்டலாம்பட்டி, பட்டறை வைத்திருப்பவர்

நாகலூர் நண்பர் தப்பித்தார், அவர் வண்டியில் கிளட்ச்சுக்குத் தனிக் கப். பல வண்டிகளில் பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் ஒரே கப்தான். அதில் தவறான எண்ணெய் விழுந்தால் வண்டியை ஓட்டிக்கொண்டு பட்டறைக்குக் கூட வராதீர்கள், கட்டி இழுத்து வாருங்கள். பிரேக் சீல்களும் உப்பும். ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது அது தெரிய வந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

குரூஸ் பிடிக்கவில்லை என்று வண்டி வந்தால் நான் முதலில் பின்னால் போய் பிரேக் விளக்கைத்தான் பார்ப்பேன். பிரேக் மிதித்தாலும் குரூஸ் விடுபடும், விளக்கு அணையாவிட்டால் மிதித்திருப்பதாகவே வண்டி நம்பும். லீ பஜார் மளிகை மண்டி வண்டி ஒன்று, காலையில் எழுந்தால் பேட்டரி காலி என்று வந்தது. குரூஸ் வேலை செய்யாதது அவருக்குப் பெரிதாகப் படவில்லை, பேச்சோடு பேச்சாகச் சொன்னார். பிரேக் விளக்கு இரவெல்லாம் எரிந்திருக்கிறது. பெடலில் சுவிட்ச்சை அழுத்தும் சிறு பிளாஸ்டிக் குமிழ் வயதாகிப் பொடிந்து மிதியடியில் கிடந்தது. கிளட்ச் பெடலிலும் இதே குமிழ் உண்டு, இதே கதி உண்டு. மிதியடியை உதறும்போது பிளாஸ்டிக் தூள் விழுந்தால் குப்பை என்று தள்ளிவிடாதீர்கள்.

ஹாரனும் சேர்ந்து அடிக்கவில்லையென்றால் பெடலில் தேடுவதை விட்டுவிடுங்கள். ஸ்டியரிங்கிலுள்ள ஹாரன், குரூஸ் பொத்தான்களை வண்டியோடு இணைத்து உள்ளே சுருண்டிருக்கும் கிளாக் ஸ்பிரிங் என்ற ஒயர் பட்டை அறுந்திருக்கலாம். அங்கே ஏர்பேக் இணைப்பும் இருப்பதால் தெரிந்தவர் கையில் கொடுங்கள்.

ஆத்தூர், முன்பு வளைகுடாவில் ஓட்டுநர்

நான் அங்கே ஓட்டிய பழைய பெட்ரோல் பிக்கப்பில் இந்த ஸ்கேனர் வித்தையெல்லாம் கிடையாது. என்ஜினின் வேக்கம், அதாவது அது காற்றை உறிஞ்சும் இழுவை, டயாஃப்ரம் என்ற ரப்பர் சவ்வை இழுக்கும், அது ஆக்ஸிலரேட்டர் கேபிளை இழுக்கும், அவ்வளவுதான் குரூஸ். வெயிலில் வேக்கம் ஹோஸ் வெடிப்பு விட்டால் சமதரையில் ஓரளவு பிடிக்கும், மேடு வந்ததும் வேகம் தொய்யும். மேட்டில் என்ஜினுக்குக் காற்று விடும் த்ராட்டில் அகலத் திறக்கும்போது பெட்ரோல் என்ஜினில் வேக்கம் தானாகவே குறைந்துவிடும், ஹோஸும் கசிந்தால் கேட்கவா வேண்டும்? ஹோஸை முனையில் வெட்டி மறுபடி செருகியே நாள் ஓட்டினோம்.

ஓமலூர்

எல்லாம் சரி, தொப்பூர் இறக்கத்தில் யாரும் குரூஸ் போட்டுக்கொண்டு இறங்காதீர்கள். பழைய வண்டிகளில் அது ஆக்ஸிலரேட்டரைத்தான் பார்த்துக்கொள்ளும், பிரேக் போடாது. பாரத்தோடு இறங்கினால் வேகம் தானே ஏறும். கியரைக் குறைத்து இறங்குவதே வழி.

நாகலூர் அண்ணா, ஆயிலை ஊற்றியது யார் என்று தெரிந்ததா?

நாகலூர், ஏற்காடு

கேட்டுப் பார்த்தேன். சர்வீஸுக்கு விட்ட இடத்தில், ‘ஊற்றியது நாங்கள் இல்லை’ என்கிறார்கள். இப்போது கப் மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, ‘டாட் 3 மட்டும்’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.