புதுப்பிப்பு: இ-ரீடர் திறக்க நேரமாகும் சிக்கல் தீர்ந்தது

போன வாரம் கேட்டிருந்தேன்: மெமரி கார்டில் 1,400 புத்தகங்கள், இ-ரீடரை (மின்நூல் படிக்கும் கருவி) ஆன் செய்தால் பட்டியல் வர நாலு நிமிடம். ஆன் ஆகும்போது பட்டியலைத் தானாகப் புதுப்பிக்கும் வசதியை நிறுத்தினால் புதுப் புத்தகங்கள் தெரிவதில்லை. யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"ஆன் ஆகும்போது புதுப் புத்தகங்களைத் தேட வேண்டாம், யுஎஸ்பி கேபிளைக் கழற்றும்போது மட்டும் தேடட்டும்" என்ற யோசனைதான் பலித்தது. செட்டிங்ஸில் அந்த வசதி இருந்தது. இப்போது 20 நொடியில் திறக்கிறது. கார்டை ஃபார்மட் செய்யத் தேவைப்படவில்லை.

எதிர்பாராதது ஒன்று. கார்டில் புள்ளியும் அடிக்கோடுமாகத் தொடங்கும் மறைகோப்புகள், புத்தகத்துக்கு ஒன்று வீதம் கிடந்தன. மேக் கணினியிலிருந்து ஃபேட்32 என்ற முறையில் ஃபார்மட் செய்த கார்டுக்கு காப்பி செய்யும்போது இவை தானாக உருவாகின்றன. பெயர் 'இபப்' (மின்நூல் கோப்பு வகை) என்று முடிவதால் கருவி இவற்றையும் புத்தகம் என்றே எடுத்துக்கொண்டிருக்கிறது. இபப் என்பது உள்ளுக்குள் ஒரு ஜிப் கோப்புதான், அதாவது பல கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய பொதி. தலைப்பும் அட்டைப்படமும் எடுக்க ஒவ்வொன்றையும் பிரித்தாக வேண்டும். புத்தகமே இல்லாத இந்த மறைகோப்புகளைப் பிரிக்கப் பார்த்தே பாதி நேரம் போயிருக்கிறது! லினக்ஸ் கணினியில் செருகி, மறைகோப்புகளை மட்டும் அழித்தேன். முழுத் தேடலே இப்போது ஒன்றரை நிமிடம்தான்.

கேபிள் இல்லாமல் வைஃபையில் வரும் புத்தகங்களுக்கு மட்டும் மெனுவில் போய் 'நூலகத்தைப் புதுப்பி' என்பதை நாமே தட்ட வேண்டும்.